பைபாஸ் ஆபரேஷன்: சின்ன வெட்டா, பெரிய வெட்டா?

போன மாதம் பென்ஷனர் சங்கக் கூட்டம் முடிந்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். என்னோடு தாலுகா ஆபீசில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "சார், இதைப் பாருங்க. நெஞ்சைப் பிளக்காமலே பைபாஸ் பண்றாங்களாம். மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாமாம். எனக்கு இதைத்தான் பண்ணிக்கப் போறேன்" என்றார். அவருக்கு ஆஞ்சியோகிராம் எடுத்து மூன்று அடைப்பு என்று சொல்லி ஒன்றரை மாதம் ஆகிறது. எந்த டாக்டர், எந்த ஊர் என்று இன்னும் முடிவாகவில்லை. சர்க்கரை வேறு இருக்கிறது.

அந்த வீடியோவை நான் முழுதும் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அவரிடம் டீக்கடை வாசலில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு மேல் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். இன்றில்லாவிட்டால் நாளை, நமக்கோ நம் வீட்டுக்கோ இந்தக் கேள்வி வரும்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்தாறு வருஷம் கோப்புகளைப் படித்துக் குறிப்பு எழுதிய குமாஸ்தா. ஆனால் நெஞ்சின் நடுவில் ஒரு நீளத் தழும்போடு வாழ்கிறவன். 2015-ல் சென்னையில் எனக்கு மூன்று குழாய் வைத்து ஆபரேஷன் நடந்தது. அப்போது வயது 64.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. ஊருக்குள் நெரிசல் என்றால் வெளியே ஒரு சாலை போட்டு வண்டிகளைத் திருப்பிவிடுகிறோம் அல்லவா, அதே வேலைதான். அடைப்புக்கு அந்தப் பக்கம் வேறொரு குழாயைத் தைத்துவிடுகிறார்கள். அந்தக் குழாயைக் காலிலிருந்தோ கையிலிருந்தோ எடுப்பார்கள். எல்லாவற்றையும்விடச் சிறந்தது மார்பெலும்புக்குப் பின்னால் இடது பக்கம் ஓடும் குழாய். டாக்டர்கள் அதைச் சுருக்கமாக 'லிமா' என்பார்கள். இதயத்தின் முன்பக்கப் பெரிய குழாயில் லிமாவைத் தைத்தால், பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பேருக்கு அது திறந்தே இருக்கிறது. கால் நரம்பு அப்படியில்லை. பத்து வருஷத்தில் ஏறக்குறைய பாதி அடைத்துப்போகும். லிமா வைத்தவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனை 1986-லேயே கணக்குக் காட்டிவிட்டது.

வழக்கமான முறையில் மார்பெலும்பை நெடுக அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டுக் கட்டுவார்கள். சின்ன வெட்டு முறையில் எலும்பைத் தொடுவதில்லை. இடது மார்புக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு நடுவே, மூன்று அங்குல அளவுக்குள் ஒரு வெட்டு. அதன் வழியாகவே லிமாவை எடுத்து, பெரும்பாலும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே தைக்கிறார்கள்.

இதைப் புத்தம்புது கண்டுபிடிப்பு என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மை அப்படியில்லை. 1964-ல் லெனின்கிராடில் கோலெசோவ் என்ற ரஷ்ய டாக்டர், இடது பக்க விலா வழியாகவே உள்ளே போய், இயந்திரம் இல்லாமல், துடிக்கும் இதயத்தில் மார்புக் குழாயைத் தைத்தார். நெஞ்சின் நடுவைத் திறந்து கால் நரம்பை வைக்கும் முறையை அர்ஜென்டினாக்காரரான ஃபவலோரோ கிளீவ்லேண்டில் 1967-ல் தொடங்கி உலகமெங்கும் பரப்பினார். நம் நாட்டின் முதல் பைபாஸை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். ஜோலார்பேட்டை ரயில்வே குடும்பங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி நன்றாகத் தெரிந்த இடம். ஆக, பக்கவாட்டு வழி நடுவழியைவிட மூத்தது. நடுவழி ஏன் ஜெயித்தது? திறந்து பார்த்தால் இதயத்தின் எல்லாப் பக்கமும் கைக்கு எட்டுகிறது. மூன்று, நான்கு, ஐந்து குழாய்கூட வைக்கலாம். அவ்வளவுதான் காரணம்.

1990-களின் நடுவில் பக்கவாட்டு வழி திரும்ப வந்தது. அதை நியூயார்க்கில் பரப்பியவர்களில் முக்கியமானவர் டாக்டர் வளவனூர் சுப்ரமணியன். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயரைப் படித்ததும் ஒரு சந்தோஷம். விழுப்புரம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் வளவனூரைத் தாண்டித்தானே போவோம்!

சரி, இதன் பலன் என்ன? நியாயமாகச் சொல்ல வேண்டும். எலும்பை அறுக்காததால் எலும்பு கூட வேண்டியதில்லை. மார்பெலும்பில் சீழ் வைக்கும் ஆபத்து இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. ரத்தம் ஏற்றுவது குறைகிறது, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் குறைகிறது, வேலைக்குத் திரும்புவது சீக்கிரம். எனக்கு எலும்பு கூடும்வரை மூன்று மாதம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுவேன். எங்கள் தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பையனுக்கு நாற்பத்து நாலு வயது. முன்பக்கக் குழாயில் மட்டும் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கத் தோதில்லாத இடம். சின்ன வெட்டில் செய்துகொண்டு மூன்றாவது வாரம் கடையில் உட்கார்ந்துவிட்டான். அவனைப் போன்றவர்களுக்கு இது வரப்பிரசாதம். தினக்கூலிக்காரனுக்கு இரண்டு மாதச் சம்பளம் என்பது அவன் வீட்டு அடுப்பு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சின்ன வெட்டு என்றால் வலி இல்லை என்று நினைக்க வேண்டாம். விலாவை விரித்துப் பிடிப்பதால் முதல் சில நாள் நன்றாகவே வலிக்கும். அந்தப் பையனே சொன்னான்.

இனி கணக்குக்கு வருவோம். இந்த முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய் வைப்பதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நியூயார்க்கின் டாக்டர் மெக்கின், கனடா ஒட்டாவாவின் டாக்டர் ருயெல். இருவரும் தங்கள் முதல் 450 நோயாளிகளின் விவரத்தை 2009-ல் வெளியிட்டார்கள். இறந்தவர்கள் ஆறு பேர், அதாவது நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. நடுவில் முடியாமல் நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தது 17 பேருக்கு. பிறகு ஒட்டாவா குழுவினர் சில நோயாளிகளை ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, வைத்த குழாய்களில் நூற்றுக்கு 92 திறந்திருந்தன. லிமா அத்தனையும் திறந்திருந்தன. நல்ல கணக்குதான்.

ஆனால் ஒரு குமாஸ்தாவாக இந்தக் கோப்பை நான் எப்படிப் படிப்பேன்? முதல் கேள்வி: இந்த 450 பேர் யார்? இந்த முறைக்குத் தோதானவர்கள் என்று தேர்ந்தெடுத்தவர்கள். இரண்டாவது கேள்வி: செய்தது யார்? அந்த முறையை உருவாக்கிய கைகள். மூன்றாவது கேள்வி: எத்தனை காலம்? ஆறு மாதக் கணக்கைப் பத்து வருஷக் கணக்கோடு பக்கத்தில் வைக்க முடியாது. முன்பக்கக் குழாய்க்கு லிமா மட்டும் என்றால் கவலை குறைவு, இரண்டு வழியிலும் அதே குழாய்தான், அதே தையல்தான். மூன்று நான்கு அடைப்புக்காரருக்குத் திறந்து செய்வதில் இருக்கும் முப்பது நாற்பது வருஷ அனுபவக் கணக்கு, சின்ன வெட்டுக்கு இன்னும் சேரவில்லை.

கை முக்கியம் என்பதற்கு இன்னொரு சாட்சி. இதயத்தை நிறுத்தி இயந்திரத்தில் ஓட்டிச் செய்வதா, துடிக்கும்போதே செய்வதா என்று இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 19 நாடுகளில் 4,752 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஐந்து வருஷம் கழித்தும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்க ராணுவ ஓய்வாளர் மருத்துவமனைகளில் 2,203 பேரை வைத்துச் செய்த இன்னொன்றில், துடிக்கும் இதயத்தில் செய்தவர்களில் ஐந்து வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.2, இயந்திரம் வைத்துச் செய்தவர்களில் 11.9. ஏன் இந்த வேறுபாடு? முதல் ஆய்வில் நன்கு பழகிய கைகள் மட்டுமே செய்தன. இரண்டாவதில் பயிற்சியில் இருந்த டாக்டர்களும் செய்தார்கள். பலரும் காட்டும் காரணம் அதுதான். நம் நாட்டு டாக்டர்கள் பெரும்பாலும் துடிக்கும் இதயத்தில் செய்தே பழகியவர்கள் என்பது நமக்குச் சாதகம். ஆனால் பாடம் ஒன்றுதான்: முறையின் பெயரைவிட அதில் பழகிய கை பெரிது.

பெரிய வெட்டு என்றால் பழங்காலத்து வைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு மன்மோகன் சிங்கை நினைவுபடுத்துகிறேன். 1990-ல் அவருக்கு முதல் பைபாஸ். 2009 ஜனவரியில், பிரதமராக இருக்கும்போதே, டெல்லி எய்ம்ஸில் இரண்டாவது பைபாஸ். ஐந்து குழாய், பத்து மணி நேரத்துக்கு மேல். அதன் பிறகு தேர்தலைச் சந்தித்து இன்னும் ஐந்து வருஷம் பிரதமராக இருந்தார். 2024 டிசம்பரில் தன் 92-வது வயதில் காலமானார். அவர் தழும்பின் நீளத்தை யார் அளந்தார்கள்?

இப்போது என் சொந்தக் கதை. இதைச் சொல்லாமல் மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்பா இறந்த பிறகு அம்மாவின் ஊரான திருப்பத்தூருக்கு வந்து, தமிழில் குறிப்பு எழுதவே புதிதாகக் கற்றுக்கொண்டு, 1973-ல் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பிரெஞ்சுப் பெருமை மட்டும் இன்னும் போகவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு மொசியே சொன்ன கதை: 1894-ல் லியோன் நகரத்தில் பிரான்சின் ஜனாதிபதி சாதி கார்னோவைக் கத்தியால் குத்தினார்கள். அறுபட்ட ரத்தக்குழாயைத் தைக்க அன்று யாருக்கும் தெரியாததால் அவர் இறந்தார். அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சி காரெல் என்ற இளைஞன், பூத்தையல் செய்யும் ஒரு அம்மாளிடம் போய் நுண்ணிய தையல் கற்றுக்கொண்டான். ரத்தக்குழாயைத் தைக்கும் வித்தையை உலகத்துக்குக் கொடுத்து 1912-ல் நோபல் பரிசு வாங்கினான். இன்றைய பைபாஸின் வேர் அந்தப் பூத்தையல். 1998-ல் பாரிஸில் கார்பாந்தியேவின் குழுவினர்தான் ரோபோவின் கையால் இதயத்தில் முதன்முதலாக ஆபரேஷன் செய்தார்கள்.

இந்த ரோபோ செய்தியை நான் பிரெஞ்சில் படித்து, மொழிபெயர்த்து, பெருமையோடு என் மைத்துனனிடம் சொன்னேன். 2018-ல். அவனுக்கு அப்போது அறுபது வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் முப்பது வருஷம் இருந்தவன். தோலைக் கையில் தடவியே எங்கே கீறல், எங்கே உண்ணி கடித்த தழும்பு என்று சொல்வான். ஆஞ்சியோகிராமில் மூன்று குழாயிலும் அடைப்பு. சர்க்கரை. சிறுவயதில் காசநோய் வந்து இடது நுரையீரல் விலாவோடு ஒட்டிப்போயிருந்தது. டாக்டர் சில வாரத்துக்குள் திறந்து செய்யச் சொன்னார்.

"மாமா, தோல்ல ஒரு கோடு இருந்தாலே செகண்ட்ஸ்னு ஒதுக்கிடுவோம். என் நெஞ்சை நடுவுல கிழிக்கச் சொல்றாங்களே. நீங்க சொன்னீங்களே, பாரிஸ்ல பண்றாங்கன்னு, அந்த மாதிரி இங்க யாராவது பண்ண மாட்டாங்களா?" என்றான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் சட்டையைக் கழற்றி என் தழும்பைக் காட்டி, "இதோ மூணு வருஷமா நான் நல்லாத்தானே இருக்கேன், போய்ப் பண்ணிக்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "விசாரிக்கலாம்டா" என்றேன். இரண்டு பேருமாக விசாரித்தோம். சென்னை, பெங்களூரு என்று அலைந்தோம். ஓரிடத்தில் செய்யலாம் என்றார்கள். ஆகும் செலவுக்கு ஏலகிரி அடிவாரத்தில் இருந்த அரை ஏக்கரை விற்கப் பேசினான். இன்னோர் இடத்தில் ஒரு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் நுரையீரல் ஒட்டியிருக்கிறது, குழாய்கள் மெலிசு, மூன்றையும் அந்த ஓட்டை வழியாகச் சரி செய்ய முடியாது. நேரத்தை வீணாக்காதீர்கள்" என்று நேராகச் சொன்னார். அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அவன் கேட்கவில்லை. நானும் அழுத்திச் சொல்லவில்லை. நான்கு மாதம் ஓடியது.

ஐந்தாவது மாதம் ஒரு விடியற்காலை அவனுக்கு மாரடைப்பு வந்தது.

பிழைத்தான். பிறகு திறந்தே ஆபரேஷன் செய்தார்கள். தையல் எல்லாம் நன்றாகவே அமைந்தது. ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி முன்பே செத்துப்போயிருந்தது. செத்த தசைக்கு எந்தக் குழாய் ரத்தம் கொண்டுபோனாலும் பயனில்லை. மாடிப்படி ஏற முடியாமல் நான்கு வருஷம் இருந்தான். 2023-ல் போய்விட்டான். முன்பே ஆபரேஷன் செய்திருந்தால் அந்த மாரடைப்பு வந்தே இருக்காது என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்ய மாட்டார். தெரியும். இருந்தாலும் அந்த நான்கு மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது. ஒருநாள் அவனிடம் சொன்னேன். "விடுங்க மாமா, நீங்களா அடைப்பு வச்சீங்க" என்றான்.

ஆகவே என் கருத்து இது. சின்ன வெட்டு நல்ல முறை. தோதானவர்களுக்கு, பழகிய கையால், தாமதமில்லாமல் கிடைத்தால் தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் அதைத் தேடிக்கொண்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதும், அதற்காக நிலத்தை விற்பதும், அதற்காக மூன்று அடைப்பில் ஒன்றைக் கவனிக்காமல் விடுவதும் தப்பு. வெட்டின் நீளம் நமக்குக் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைக் கேட்கிறோம். உள்ளே இருக்கும் தையல் தெரிவதில்லை, அதனால் கேட்பதில்லை. ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். மேல் தோல் பளபளவென்று இருந்தும் உள்தையல் விட்டால் அந்த ஷூ எத்தனை நாள் வரும் என்று சொல்வார்கள்.

ஆபீசில் கோப்பு மேலே போகும்முன் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைப்போம் அல்லவா. அதுபோல டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மகனையோ மகளையோ கூட அழைத்துப்போங்கள்.

1. எனக்கு எத்தனை அடைப்பு? அத்தனைக்கும் குழாய் வைப்பீர்களா, ஏதாவது விடுபடுமா? விடுபட்டால் அதற்கு ஸ்டென்ட் உண்டா?

2. முன்பக்கக் குழாய்க்கு லிமா வைப்பீர்களா?

3. இந்த முறையில் நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அதில் எத்தனை பேருக்கு நடுவில் நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தது?

4. எனக்குச் சர்க்கரை, பழைய காசநோய், ஆஸ்துமா, பீடிப் பழக்கம் உண்டு. (இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு பக்க நுரையீரலைச் சற்று நேரம் நிறுத்தி வைத்துத்தான் சின்ன வெட்டில் வேலை செய்கிறார்கள். நுரையீரல் கெட்டிருந்தால் இது ஒத்துவராது.)

5. எத்தனை நாளைக்குள் செய்ய வேண்டும்? அதுவரை காத்திருப்பதில் ஆபத்து எவ்வளவு?

6. காப்பீட்டில் எவ்வளவு வரும், கையிலிருந்து எவ்வளவு? நம் பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அந்தத் திட்டத்தில் இந்த முறைக்கு எவ்வளவு அனுமதி என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

இன்னொன்று. எந்த வழியில் செய்தாலும் ஆபரேஷன் வழியைத்தான் மாற்றுகிறது, நோயைப் போக்குவதில்லை. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் ஆயுள் முழுக்க. சர்க்கரை, பிரஷர் இரண்டும் கட்டுக்குள். பீடி, சிகரெட் அடியோடு வேண்டாம். ஆம்பூர் பிரியாணியை மறந்துவிடச் சொல்லவில்லை, மாதத்துக்கு ஒருநாள், அரை பிளேட். நான் தினமும் காலையில் தூய நெஞ்சக் கல்லூரிப் பக்கம் நாற்பது நிமிஷம் நடக்கிறேன். பத்து வருஷம் ஆகிறது.

டீக்கடை நண்பருக்கு: நேற்று ராத்திரி உங்களுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலூர் பஸ்ஸுக்கு நானும் வருகிறேன். பைலை எடுத்து வையுங்கள். என் சட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டுமென்றாலும் காட்டுகிறேன்.